மல்ட்டிமீட்டர் 5 வோல்ட் காட்டினால் போதுமா?

"மல்ட்டிமீட்டரில் 5 வோல்ட் அசையாமல் நின்றால் பவர் சப்ளை பக்கா, ஆஸிலாஸ்கோப் தேவையே இல்லை" என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது (ஆஸிலாஸ்கோப் என்பது வோல்ட்டேஜ் நேரத்தோடு மாறுவதை வரைபடமாகக் காட்டும் கருவி). தப்பு. சாதாரண மல்ட்டிமீட்டர் நொடிக்குச் சில தடவைதான் எண்ணை மாற்றும், அதுவும் சராசரியை. லோடு, அதாவது சப்ளையிலிருந்து இழுக்கப்படும் கரண்ட், சட்டென்று ஏறும்போது வோல்ட்டேஜ் சில மைக்ரோசெகண்டுகள் சரிந்து எழுவது அதன் கண்ணிலேயே படாது, ஆனால் அந்தச் சரிவிலேயே மைக்ரோகன்ட்ரோலர் (சர்க்யூட்டை இயக்கும் குட்டிக் கம்ப்யூட்டர் சிப்) ரீசெட் ஆகிவிடலாம்.

சந்தேகமா? மாஸ்ஃபெட்டை (வேகமான எலக்ட்ரானிக் ஸ்விட்ச்) வைத்து லோடு ரெசிஸ்டரைச் சேர்த்து விலக்கி, ஸ்கோப்பை ஏசி கப்ளிங்கில் (நிலையான 5 வோல்ட்டை விலக்கி, மாற்றத்தை மட்டும் காட்டும் அமைப்பு) போட்டு, வோல்ட்டேஜ் இறங்கும் கணத்தில் படம் பிடிக்கும்படி இறங்குமுகத்தில் ட்ரிக்கர் செய்து பாருங்கள், பள்ளம் தெரியும். (ஸ்கோப்பின் அளவிடும் முனையான ப்ரோபின் நீள கிரவுண்டு வயருக்குப் பதில் குட்டி ஸ்பிரிங், இல்லாவிட்டால் வயர் பிடித்த இரைச்சலைத்தான் பார்ப்பீர்கள்.) அப்புறம் ரெகுலேட்டர் (வோல்ட்டேஜை நிலையாக வைக்கும் சிப்) டேட்டாஷீட்டில் பெரும்பாலும் இருக்கும் லோடு டிரான்சியன்ட் (லோடு சட்டென்று மாறும்போது வோல்ட்டேஜ் எப்படி அசைகிறது என்ற) வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். அந்த ஃபார்வர்டை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம், சரியா?