திருமணச் சான்றிதழ் இல்லாவிட்டாலும் கர்ப்பிணியைப் பதிவார்கள்

மேலே உள்ள பதிவில் ஒரு அண்ணா, திருமணச் சான்றிதழ் காட்டாவிட்டால் யாழ்ப்பாணத்தில் கர்ப்பிணி கிளினிக்கில் பதிய மாட்டார்கள் என்று எழுதியிருக்கிறார். நிறையப் பேர் பகிர்ந்தும் விட்டார்கள். அது சரியில்லை, அண்ணா. அரச கிளினிக் பராமரிப்பு கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இலவசம். தனியாக இருக்கிறவர், பிரிந்து வாழ்கிறவர், பதிவு செய்யாமல் சேர்ந்து வாழ்கிறவர் எல்லோரும் இதில் அடக்கம்.

இப்போது தங்கியிருக்கும் இடத்துக்குரிய குடும்பநல மாதுவிடம் (அப்பகுதிக்குரிய அரச மருத்துவிச்சி) சொன்னால் போதும், அவரே பதிந்து கர்ப்பகாலப் பதிவேட்டு அட்டையைத் தருவார். எட்டு வாரத்துக்குள் பதிவது நல்லது. போலிக் அமில (folic acid) மாத்திரை சீக்கிரம் தொடங்க வேண்டும். குருதி இனம், ஈமோகுளோபின், சிபிலிஸ், எச்.ஐ.வி. பரிசோதனைகளும் அப்போதுதான் நேரத்துக்கு நடக்கும். இந்த வதந்தியை நம்பி ஒரு கர்ப்பிணிப் பெண் ஆறாம் மாதம் வரை வீட்டுக்குள் ஒளிந்திருந்தால் இவ்வளவும் பிந்திப்போகும். அதுதான் எனக்குக் கவலை.

சந்தேகமென்றால் நல்லூரோ சாவகச்சேரியோ, உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய், "சான்றிதழ் இல்லாமல் பதியலாமா?" என்று நேரே கேளுங்கள். பெயர் சொல்லத் தேவையில்லை. யாராவது மறுத்தால் அங்குள்ள வைத்திய அதிகாரியிடமே முறையிடலாம். அண்ணா, முடிந்தால் மேலே உள்ள பதிவைத் திருத்திவிடுங்கள்.