பாட் சம்மிட்டின் 1,098 வெற்றிகள்: இரண்டு திருத்தங்கள்

அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணியின் பயிற்சியாளர் பாட் சம்மிட், வசதியான அணி கைக்கு வந்ததால் தொடக்கம் முதலே பட்டங்களைக் குவித்தார் என்றும், அவருடைய 1,098 வெற்றிகளை இன்றுவரை எவரும் தாண்டவில்லை என்றும் உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். எண்ணிக்கை சரி, மற்றவை சரியல்ல.

1974இல், முதுகலைப் படிப்போடு உதவிப் பயிற்சியாளராகச் சேர இருந்தவருக்கு, முன்பிருந்தவர் விலகியதால் தலைமைப் பொறுப்பே வந்து சேர்ந்தபோது வயது 22. மாதச் சம்பளம் 250 டாலர். அணியின் சீருடைகளைத் துவைத்ததும் வெளியூர் ஆட்டங்களுக்கு வேன் ஓட்டியதும் அவரே. (வசதியான அணிக்கு இது விசித்திரமான அடையாளம்தான்.) முதல் ஆட்டத்திலேயே மெர்சர் அணியிடம் ஒரே புள்ளியில் தோற்றார். தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் பெண்களுக்கான கூடைப்பந்துப் போட்டியைத் தொடங்கியதே 1982இல்தான். அதில் சம்மிட்டின் முதல் பட்டம் 1987இலும், எட்டாவதும் கடைசியுமான பட்டம் 2008இலும் கிடைத்தன.

நினைவிழப்பு நோய் கண்டறியப்பட்ட பிறகும் ஒரு பருவம் முழுவதும் பொறுப்பில் நீடித்து, 2012இல் அவர் ஓய்வு பெற்றபோது அந்த வெற்றி எண்ணிக்கை சாதனையாகவே இருந்தது. 2020 டிசம்பரில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பயிற்சியாளர் டாரா வான்டெர்வீர் அதைத் தாண்டினார். 2024 நவம்பரில் கனெக்டிகட்டின் ஜீனோ ஆரியெம்மா அவரையும் முந்தினார். சம்மிட்டைப் புகழ வேண்டுமானால், 38 பருவங்களில் ஒன்றில்கூட அவருடைய அணியின் தோல்விகள் வெற்றிகளை மிஞ்சவில்லை என்ற உண்மையையே எழுதியிருக்கலாம்.