கிராப்பும் கேப்பும்

பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஓர் ஆட்டோ ஸ்டாண்டு. விடிந்தும் விடியாத நேரம். ஓய்வுபெற்ற இங்கிலீஷ் வாத்தியார் போனை மூக்குக்கு நேராகப் பிடித்தபடி வருகிறார். ஆட்டோவில் காலை நீட்டிக் கிடப்பவர் அவரிடம் எட்டாம் வகுப்பு படித்தவர். அதுவும் இரண்டு தடவை.

ஆட்டோக்காரர்: வாங்க சார்வாள். இவ்வளவு காலையில எங்க?

சார்வாள்: லண்டன் பேரன் நெல்லை எக்ஸ்பிரஸ்ல வாரான்லா. ஜங்ஷனுக்கு வரச் சொல்லி மெசேஜ் போட்டிருக்கான். ‘ஜஸ்ட் கிராப் எ கேப், தாத்தா’ங்கான்.

ஆட்டோக்காரர்: கிராப்பா? உங்களுக்கு எதுக்கு சார்வாள் கிராப்பு? வெட்டுததுக்கு அங்கன ஒண்ணும் இல்லியே.

சார்வாள்: (தலையைத் தடவிக்கொண்டு) ஏல, அது வேற கிராப்பு. இது ஜி, ஆர், ஏ, பி.

ஆட்டோக்காரர்: ஓ, லேண்ட் கிராபிங்! அதுக்குத்தான் 2011-லயே தனி போலீஸ் பிரிவு போட்டாங்களே. இந்த வயசுல உங்களப் போயி வண்டியப் பறிக்கச் சொல்லுதானே!

சார்வாள்: பறிக்கது இல்லடே. சட்டுனு ஒரு வண்டியப் பிடிச்சு வாங்கன்னு அர்த்தம்.

ஆட்டோக்காரர்: பிடிக்கதுக்கு வண்டி என்ன கோழியா?

சார்வாள்: நீ பஸ்ஸப் பிடிச்சதில்லையா? ரயிலப் பிடிச்சதில்லையா? மக கல்யாணத்துக்கு மண்டபம் பிடிச்சாச்சுன்னு போன வாரம் சொன்னியே, அத எங்கனலே பிடிச்ச? தூணையா?

(ஆட்டோக்காரர் கொஞ்ச நேரம் யோசிக்கிறார். மண்டபத்துக்குக் கொடுத்த அட்வான்ஸ் ஞாபகம் வந்திருக்க வேண்டும், முகம் வாடிவிட்டது.)

ஆட்டோக்காரர்: சரி, கிராப்பு விளங்கிட்டு. கேப்பு? எனக்குத் தெரிஞ்ச கேப்புல கெடாதான் வெட்டுவாங்க.

சார்வாள்: ரொம்பத் தூரம் போகல நீ. பிரான்சுல காப்ரியோலேன்னு ரெண்டு சக்கரக் குதிரை வண்டி இருந்துது. குட்டி ஆடு மாதிரி துள்ளித் துள்ளிப் போகுமாம். லத்தீன்ல காட்டாட்டுக்கு உள்ள சொல்லுல இருந்து வந்த பேரு. அது லண்டனுக்கு வந்து, வாய் வலிச்சு, கேப்னு சுருங்கிட்டு.

ஆட்டோக்காரர்: அப்ப பேரன் ஆடு பிடிச்சுட்டு வரச் சொல்லுதான். இன்னிக்குச் செவ்வாக்கிழமைலா, மேலப்பாளையம் சந்தைக்கு விடட்டுமா?

சார்வாள்: ஜங்ஷனுக்கு விடுலே. எவ்வளவு?

ஆட்டோக்காரர்: முந்நூறு. பாலம் தாண்டணும்லா?

சார்வாள்: பாலத்துக்கு உள்ள காச சுலோசன முதலியார் சொந்தக் கையில இருந்து போட்டு, 1843-லயே கட்டி முடிச்சாச்சு. நீ மீட்டரப் போடு. டாக்சிக்கு அந்தப் பேரு வந்ததே டாக்சிமீட்டர்னாலதான். லண்டன்ல 1907-லயே மீட்டரக் கட்டாயமாக்கிட்டான்.

ஆட்டோக்காரர்: அது டாக்சி. இது ஆட்டோ. ஆட்டோன்னா ‘தானா’ன்னு அர்த்தம்னு எட்டாப்புல நீங்கதானே சொல்லித் தந்தீங்க? ரேட்டும் தானா வரும்.

(சார்வாள் மீட்டரை எட்டிப் பார்க்கிறார். அதன்மேல் ஈரத் துண்டு ஒன்று காய்கிறது. பேரம் இருநூற்றில் நிற்கிறது. வண்டி கிளம்புகிறது. வண்ணார்பேட்டை வருவதற்குள் ஒரு வேகத்தடை. சார்வாள் மண்டை மேல்கம்பியில் ‘ணங்’.)

சார்வாள்: ஏலேய்! மெதுவாப் போ!

ஆட்டோக்காரர்: வண்டி இப்பத்தான் கேப்பா மாறியிருக்கு சார்வாள். முன்னால பெரிய பள்ளம் ஒண்ணு வருது, கம்பிய நல்லா கிராப் பண்ணிக்கிடுங்க.