அக்கவுண்டிங்னா வெறும் கணக்கு எழுதுறது மட்டும் இல்லங்க
அக்கவுண்டிங் பத்தி நீங்க எழுதின கட்டுரை நல்லா இருக்கு, ஆனா அதுல அக்கவுண்டிங்னா வரவு செலவு எழுதி வைக்கிறதுன்னு ஒரே வரில முடிச்சத என்னால ஒத்துக்க முடியல. லத்தீன்ல கம்ப்யூடாரேன்னா எண்ணிக் கணக்கிடுறது, அதுல இருந்து பழைய பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்ததுதான் அக்கவுண்ட்ங்கற வார்த்தை, கம்ப்யூட்டருக்கும் அதே வேர்தான். ஆனா அக்கவுண்ட்னா நடந்ததுக்கு விளக்கம் குடுக்கறதுன்னும் ஒரு அர்த்தம் இருக்கு பாருங்க, அதுதான் இந்த தொழிலோட உயிரே, அடுத்தவங்க பணத்த கையில வச்சிருக்கவங்க அது எங்க போச்சுன்னு அவங்களுக்கு பதில் சொல்லியாகணும். ஆடிட்டும், அதாவது கணக்குத் தணிக்கையும் அப்படித்தான், காதால கேக்கறதுன்னு அர்த்தம் வர்ற லத்தீன் சொல்லுல இருந்து வந்தது, அந்தக் காலத்துல கணக்க சத்தமா வாசிப்பாங்க, ஆடிட்டர் உக்காந்து கேட்டு சரிபார்ப்பார். கிரெடிட்டோட வேர் நம்புறது, டெபிட்டோடது கடன்பட்டிருக்கறது.

அப்புறம், இத்தாலிய கணித அறிஞர் லூகா பாச்சியோலி 1494ல இரட்டைப் பதிவு முறைய, அதாவது ஒவ்வொரு பரிவர்த்தனையையும் பற்று, வரவுன்னு ரெண்டு இடத்துல எழுதுற முறைய கண்டுபிடிச்சார்னு கட்டுரைல போட்டிருக்கீங்க, தயவுசெஞ்சு அத மாத்துங்க. இத்தாலி வியாபாரிங்க அதுக்கு ரொம்ப முன்னாடியே அத பயன்படுத்திட்டு இருந்தாங்க, வெனிஸ்ல இருந்த வழக்கத்த அவர் தெளிவா விளக்கி அச்சுல கொண்டு வந்தார், அதுவே பெரிய வேலைதான்.