அடுத்த கிழமை இருப்பானா என்று தெரியாத சிநேகிதம்

கொழும்பில் அடைக்கலம் தேடி இருக்கும் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பிள்ளைகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில் சட்டமெல்லாம் சரியாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அவர்களின் சிநேகிதம் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்கு மனவருத்தம். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் அப்படி ஒரு பாகிஸ்தான் குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. அந்தப் பெடியனுக்கும் என் மகனுக்கும் 15 வயது. பின்னேரத்தில் கடற்கரையில் கிரிக்கெட், பாதி ஆங்கிலம், பாதி சிங்களம், சண்டை வந்தால் மட்டும் தமிழ். மகன் சாதாரண தரப் பரீட்சைக்கு ரியூசன் போகும் நேரத்தில் அவன் வாசலிலேயே காத்திருப்பான், ஏனென்றால் அவனுக்குப் பள்ளிக்கூடமே இல்லை. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இலங்கை சேரவில்லை, தகப்பனுக்கு வேலை செய்ய அனுமதியும் இல்லை, வேறொரு நாடு ஏற்கும்வரை இப்படியே இருக்க வேண்டியதுதான்.

2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நீர்கொழும்பில் இவர்களைப் போன்றவர்களை வாடகை வீடுகளிலிருந்து துரத்தியபோது பள்ளிவாசலிலும் பொலிஸ் நிலையத்திலும் படுத்தார்கள். 1995 இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது எனக்கும் அதே 15 வயது. கூடப் படித்த பிள்ளைகளிடம் போய்வருகிறேன் என்று சொல்லக்கூட நேரம் கிடைக்கவில்லை, அது இன்றைக்கும் நெஞ்சில் கிடக்கிறது.

போன கிழமை மகன் கேட்டான்: "அம்மா, அவன் திடீரென்று போனால் எனக்குச் சொல்வானா?"

என்னிடம் பதில் இருக்கவில்லை.