அந்தப் பிள்ளை கேட்டது பாவம் இல்லை

நம் சபை விபிஎஸ் (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) நிறைவு விழா வீடியோவை இதற்குள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். சபை வாட்ஸ்அப் குழுவில் வந்தது, அங்கிருந்து இன்னும் நாலைந்து குழுவுக்குப் போய்விட்டது. தகப்பனை இழந்த ஒரு பிள்ளை கேட்ட கேள்வியும், அதற்கு மேடையில் மைக்கில் வந்த பதிலும்தான் விஷயம். அதனால் நடந்ததை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. வீடியோவில் தெரியாத ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். மேடையிலிருந்து இறங்கி வந்த பிள்ளை நேராக என்னிடம் வந்து என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அக்கா, நான் தப்பா கேட்டுட்டேனா?"

இல்லை. நீ தப்பாகக் கேட்கவில்லை. அன்றைக்கு ஒலிபெருக்கிச் சத்தத்தில் அவள் காதோடு சொன்னதை இங்கே எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்கிறேன். அந்தப் பிள்ளை கேட்டது பாவம் இல்லை.

"யாருக்காவது ஏதாவது கேள்வி இருக்கா?" என்று கேட்டது செய்தி கொடுக்க வந்திருந்த ஊழியர்தான். ஒன்பது வயதுப் பிள்ளை கையைத் தூக்கினாள். "நாங்க எல்லாரும் முழங்கால் போட்டு ஜெபிச்சோம்லா, பெறவு எங்க அப்பா ஏன் செத்துப்போனாங்க?" அவ்வளவுதான் கேள்வி. அதற்கு மைக்கில் வந்த பதில், வீட்டில் யாருக்கோ விசுவாசக் குறைவு இருந்திருக்கும் என்பது. இப்படிக் கேட்க வைப்பது பிசாசு என்பது அடுத்த வாக்கியம். மூன்றாவது வரிசையில் அவளுடைய அம்மா உட்கார்ந்திருந்தார். கணவருடைய டயாலிசிஸுக்காகக் கழுத்துச் சங்கிலியை விற்றவர். நம் சபையில் மூன்று வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் நடந்தபோது ஒரு நாளும் தவறாமல் வந்தவர். அவருக்கா விசுவாசக் குறைவு?

எனக்கு அந்தப் பதிலைவிட வலித்தது, அதற்குப் பின்னால் வந்த "ஆமென்". சத்தமாகச் சொன்னோம். நம் குரல்தான் வீடியோவில் கேட்கிறது.

ஊழியரைக் குறை சொல்லலாமா, "நான் அபிஷேகம் பண்ணினவர்களைத் தொடாமல்" என்று வசனம் இருக்கிறதே என்று நேற்றே இரண்டு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். அது 105ஆம் சங்கீதம். அனுப்பினவர்கள் அதற்கு முந்திய நாலு வசனத்தையும் வாசித்துப் பாருங்கள். கொஞ்சம் பேராக, பரதேசிகளாக ஊர் ஊராய் அலைந்த ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு குடும்பத்தைப் பற்றிச் சொல்வது அது. அவர்களை ஒடுக்க வந்த ராஜாக்களைக் கடவுள் கடிந்துகொண்ட வார்த்தை. பலம் இல்லாதவனைக் காப்பாற்றச் சொன்ன வார்த்தை. அந்த மேடையில் பலம் இல்லாமல் நின்றது யார்? மைக் வைத்திருந்தவரா, தகப்பனைப் புதைத்து மூன்று மாதம்கூட ஆகாத பிள்ளையா?

சரி, அவரைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன். பேர் சொல்ல மாட்டேன், பின்னூட்டத்திலும் யாரும் சொல்ல வேண்டாம். அவர் ஒருவர் மட்டும் செய்த காரியமாக இருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்கவே மாட்டேன்.

நான் ஞாயிறு பள்ளியில் வகுப்பெடுக்க ஆரம்பித்தது 2004 ஜூனில். ஆறு மாதத்தில் சுனாமி. டிசம்பர் 26, அதுவும் ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்மஸுக்கு மறுநாள். அடுத்த ஞாயிறு ஜனவரி 2. புது வருஷத்து முதல் வகுப்புக்கு வர்ணத் தாளெல்லாம் வெட்டி வைத்துக்கொண்டு போயிருந்தேன். குளச்சல் பக்கம் சொந்தக்காரர்களைப் பறிகொடுத்த இரண்டு பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள். ஒரு பையன் எழுந்து, "இயேசு கடலை அதட்டி நிப்பாட்டுனாருன்னு போன மாசம் சொல்லித் தந்தீங்களே அக்கா, இப்ப ஏன் நிப்பாட்டல?" என்று கேட்டான். எனக்கு வாய் அடைத்துவிட்டது. இருபத்திரண்டு வயது. பதில் தெரியவில்லை, தெரியாது என்று சொல்லவும் பயம்.

பக்கத்து வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தவர் ஓய்வு பெற்ற ஒரு டீச்சரம்மா. அவர் காதில் இது விழுந்தது. எழுந்து வந்து அந்தப் பையன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "எனக்கும் தெரியல கண்ணு. நானும் ஒரு வாரமா அதைத்தான் அவர்ட்ட கேட்டுட்டிருக்கேன்" என்றார். அப்புறம் 13ஆம் சங்கீதத்தை எடுத்து மெதுவாக வாசித்தார். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று ஆரம்பிக்கிறது அது. "பாரு, இது பைபிள்லயே இருக்கு, கேட்கலாம்" என்றார். பையன் அழுதான். எல்லாரும் அழுதோம். அன்றைக்கு வர்ணத் தாள் அப்படியே கிடந்தது. விசுவாசத்தைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித் தருவது என்று நான் கற்றுக்கொண்டது அந்த அரை மணி நேரத்தில்தான். எந்தப் பயிற்சி முகாமிலும் இல்லை. அந்தப் பையன் இன்றைக்கு ஓமானில் வேலை பார்க்கிறான். ஊருக்கு வந்தால் நம் சபைக் கோயிலுக்கு வருகிறான்.

கேள்வி கேட்கப் பழக்கினால் பிள்ளைகள் நாத்திகராகிவிடுவார்கள் என்பீர்கள். இதைத்தான் அதிகம் பேர் சொல்கிறீர்கள், அதனால் இதற்கு நின்று பதில் சொல்கிறேன். என் தம்பி கதையைக் கேளுங்கள். எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சி சாமி கும்பிடுகிறவர். அம்மா வேலைக்குப் போன நாளெல்லாம் எங்களுக்குச் சோறு போட்டு, தலை சீவி வளர்த்தது அந்த ஆச்சிதான். தம்பி திடப்படுத்தல் வகுப்பில் (முதல் திருவிருந்துக்கு முன் சபையில் நடக்கிற வகுப்பு) படிக்கும்போது ஆச்சி இறந்துபோனார். "ஆச்சி நரகத்துக்கா போவாங்க?" என்று வகுப்பில் கேட்டான். கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அவன் அதற்குப் பிறகு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எல்லாப் பதிலையும் ஒப்புவித்தான், பிஷப் கை வைத்துத் திடப்படுத்தல் முடிந்தது, முதல் திருவிருந்து எடுத்தான். அதோடு சரி. இப்போது லீவுக்கு வந்தால் அம்மாவைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, ஆராதனை முடியும்வரை எதிர்த்தாற்போல் வாகை மரத்தடியில் காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பான். கண்ணாடியை ஏற்றிவிட்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவன் கேள்வி கேட்டதால் போகவில்லை. அடி வாங்கியதால் போனான். அவனுக்குப் பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, "எனக்கும் அந்த ஆச்சியை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது" என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும்.

வேதத்தில் பிள்ளைகளின் கேள்வி எங்கே வருகிறது என்று தேடிப் பாருங்கள். பஸ்கா பண்டிகையைக் கட்டளையிடும்போதே, நாளைக்கு உங்கள் பிள்ளைகள் இந்த ஆராதனையின் கருத்து என்ன என்று கேட்பார்கள், அப்போது இப்படிச் சொல்லுங்கள் என்று யாத்திராகமம் 12இல் வருகிறது. பிள்ளை கேட்கும் என்பதை வைத்தே ஒரு பண்டிகை ஏற்பட்டிருக்கிறது. பன்னிரண்டு வயதில் இயேசுவைத் தேவாலயத்தில் கண்டுபிடித்தபோது அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? போதகர் நடுவில் உட்கார்ந்து, அவர்கள் பேசுகிறதைக் கேட்டுக்கொண்டும் அவர்களை வினாவிக்கொண்டும் இருந்தார். வினாவிக்கொண்டு! அந்தப் போதகர்கள் அவரைப் பிசாசு என்று சொல்லவில்லை, பிரமித்தார்கள்.

அதையும் விடுங்கள். இந்தப் பிள்ளை கேட்ட கேள்வியை அவளுக்கு முன்னாலேயே இரண்டு பெண்கள் கேட்டுவிட்டார்கள். "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்." மார்த்தாள் சொன்னாள், கொஞ்ச நேரத்தில் மரியாளும் அதையே சொன்னாள். யோவான் 11. முகத்துக்கு நேராகச் சொன்ன குறை அது. உனக்கு விசுவாசம் போதாது, அதனால்தான் லாசரு செத்தான் என்றா அவர்களுக்குப் பதில் வந்தது? இயேசு கண்ணீர் விட்டார் என்று எழுதியிருக்கிறது. அந்த வசனத்தை நம் பாலர் வகுப்புப் பிள்ளைகள்கூட ஒப்புவிப்பார்கள், சின்ன வசனம் என்பதால். ஏன் அழுதார் என்று என்றைக்காவது அவர்களிடம் பேசியிருக்கிறோமா?

வசனம் மனப்பாடம் வேண்டாம் என்கிறாயா என்று கேட்காதீர்கள். வேண்டும். என் பிள்ளைகள் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் பத்து நாள் விபிஎஸ் முடிந்து நாம் பிள்ளைகளிடம் கேட்கிறது ஒன்றே ஒன்றுதான், எத்தனை வசனம் தெரியும் என்பது.

ஞாயிறு பள்ளி என்ற ஏற்பாடே எப்படி வந்தது? 1780இல் இங்கிலாந்தில் கிளவுஸ்டர் ஊரில் ராபர்ட் ரெய்க்ஸ் என்கிற பத்திரிகைக்காரர் ஆரம்பித்தார். வாரத்தில் ஆறு நாளும் வேலைக்குப் போய், ஞாயிறு மட்டும் சும்மா இருந்த ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்து வாசிக்கச் சொல்லித் தரத்தான் அதை வைத்தார்கள். ஓய்வுநாளில் பள்ளிக்கூடமா என்று அப்போதும் எதிர்த்தார்கள். நம் ஊருக்கு வருவோம். 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தமிழ் எழுத்தைக் கற்றது, சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான். சொல்லித்தர வந்த மனிதர் முதலில் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் தமிழில் மொழிபெயர்த்த லூத்தரின் ஞானோபதேசத்தில், அதாவது கேள்வி பதிலாக விசுவாசத்தைச் சொல்லித் தருகிற சிறு புத்தகத்தில், பத்துக் கட்டளை ஒவ்வொன்றுக்கும் கீழே, இதற்கு அர்த்தம் என்ன என்று ஒரு கேள்வி வரும். அதன் பதிலையும் மனப்பாடம் செய்ய வைத்தார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கேள்விக்கு என்று ஓர் இடம் வைத்திருந்தார்கள்.

நாம் என்ன இடம் வைத்திருக்கிறோம்? எழுத ஆரம்பித்துவிட்டேன், இதையும் சொல்லிவிடுகிறேன். என் வகுப்பு நடக்கிற இடம் இரண்டு சக்கர வாகனம் நிறுத்துகிற கொட்டகை. மழை பெய்தால் கிடையாது. ஹாலில் கல்யாண வரவேற்பு என்றால் கிடையாது. சபையை நடத்துகிற சேகரக் கமிட்டி கூட்டம் என்றால் அதுவும் கிடையாது. புது ஒலிபெருக்கிக்குப் பணம் இருந்தது. பிள்ளைகளுக்கு நாலு பாய் வாங்க மூன்று வருஷமாகக் கேட்கிறேன். கிரேயான், சார்ட் தாள், கத்தரிக்கோல் எல்லாம் என் கையிலிருந்து. வாங்கினதற்கு நான் வருத்தப்படவில்லை, ஒரு தடவையும் கணக்குக் கேட்டதில்லை. அந்தப் புது ஒலிபெருக்கியில்தான் ஒரு பிள்ளையை அத்தனை பேர் முன்னால் பிசாசோடு சேர்த்தார்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சபை விஷயத்தை முகநூலில் எழுதலாமா, வெளியே இருப்பவர்கள் சிரிப்பார்களே என்று கேட்பவர்களுக்கு: வீடியோவைப் பரப்பியது நான் இல்லை. "ஆமென், வல்லமையான செய்தி" என்று தலைப்புப் போட்டு அனுப்பியது நம் ஆட்கள். நம் சபைப் போதகர் ஐயரிடம் ஞாயிறு ராத்திரியே போய்ப் பேசினேன். "பெரிசுபடுத்தாதீங்கம்மா" என்றார். இந்த வரியைப் படித்தால் அவருக்கு வருத்தமாக இருக்கும். எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. அந்தப் பிள்ளையின் தகப்பனை அடக்கம் செய்தபோது குழி பக்கத்தில் நின்று அவரும் அழுதார், நான் பார்த்தேன். அந்த அழுகையை மேடையில் ஒரு வார்த்தையாகச் சொல்லியிருக்கலாமே ஐயா. எழுந்து வந்து மைக்கை வாங்கி, "எங்களுக்கும் தெரியல பாப்பா" என்று சொல்லியிருக்கலாமே.

நானும் எழுந்து போகவில்லை. மேடைப் படிக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். இருபது வருஷத்துக்கு மேல் வகுப்பெடுத்தவள், கால் நகரவில்லை. மூன்று நாளாக எனக்குத் தூக்கம் இல்லாததற்குக் காரணம் அந்த ஊழியர் மட்டும் இல்லை.

சிறு பிள்ளைகளை என்னிடத்தில் வரவிடுங்கள், தடைபண்ணாதிருங்கள் என்ற வசனம் நம் கொட்டகைச் சுவரிலேயே பெயிண்டில் எழுதியிருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் இயேசு சீஷர்கள்மேல் விசனமடைந்தார் என்று மாற்கு எழுதியிருக்கிறார். பிள்ளைகளைத் தடுத்தது வெளியாட்கள் இல்லை. அவர் கூடவே நடந்தவர்கள்.

நேற்று அந்த அம்மாவுக்குப் போன் பண்ணினேன். "அவ இனி வரமாட்டேங்கிறாக்கா, நானும் கட்டாயப்படுத்தல" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை, யாரையும் திட்டவில்லை. பேச்சு நின்ற பிறகும் கொஞ்ச நேரம் போனை வைக்காமல் இருந்தார்.

மனப்பாட வசனத்தில் முதல் பரிசு யாருக்கு என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அந்தப் பிள்ளைக்குத்தான். பத்து நாளும் ஒரு வசனம் விடாமல் சொன்னாள். பரிசு கொடுக்கும்போது அவள் இல்லை, அம்மாவோடு போய்விட்டாள். பேர் எழுதி ஒட்டிய எவர்சில்வர் டிபன் டப்பா என் மேசைமேல் இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் கொண்டு போகிறேன். அவள் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால் கேட்கட்டும். ராத்திரி கடைசி பஸ் ஒன்பதரைக்குத்தான்.