தனி ஆரம்பிச்சாச்சு, பாலை ஏத்து

நேற்றுக் காலை கல்லூரி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. "மார்கழி சீசனுக்கு சபா கேன்டீனில் பரிமாறத் தன்னார்வலர்கள் தேவை. கல்லூரி மாணவர்களுக்கு முன்னுரிமை. மதியச் சாப்பாடு, காபி உண்டு. முடிவில் சான்றிதழ் வழங்கப்படும். நம் பாரம்பரிய இசைக்குச் சேவை செய்ய அரிய வாய்ப்பு." கீழே ஒரு போன் நம்பர். சென்னையில் மார்கழிதோறும் கர்நாடக இசைக் கச்சேரி நடத்துகிற சங்கீத அமைப்புகள்தான் சபாக்கள். அதில் எந்த சபா, கேன்டீனுக்கு யார் காண்டிராக்டர் என்று ஒரு வார்த்தை இல்லை. அதற்குள் நான்கைந்து பேர் கைகூப்பும் படம் போட்டுவிட்டார்கள். ஒரு தோழி தன் அக்கா பையனை அனுப்பப் போவதாகச் சொல்கிறாள்.

அனுப்பாதே என்று அவளிடம் போனில் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். போனில் சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக இங்கே எழுதுகிறேன்.

2012 டிசம்பரில் சென்னையில் ஒரு சபா கேன்டீனில் நான் வேலை பார்த்தேன். அப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். கும்பகோணம் பக்கத்துப் பையன், சென்னையில் டிக்கெட் வாங்கிக் கச்சேரி கேட்கக் கையில் காசு கிடையாது. கல்யாணச் சமையலுக்குப் போகிற ஊர்க்கார மாமா ஒருவர், "சீசனுக்குப் பரிமாற ஆள் கேக்கறாங்க, ஒரு நாளைக்கு 350 ரூபா, மூணு வேளைச் சாப்பாடு, வர்றியா?" என்றார். நான் சம்பளத்தைக்கூட யோசிக்கவில்லை. இருபது நாள் சபாவுக்குள்ளேயே இருக்கலாம், எல்லாரையும் கேட்டுவிடலாம் என்பதுதான் என் மனதில் இருந்தது.

சபாவுக்குள்ளே என்றால் சபாவுக்குப் பின்னால். தகரக் கொட்டகை, அதற்குள் வரிசையாக கேஸ் அடுப்பு, வெளியே தண்ணீர் டிரம், அதைத் தாண்டி காம்பவுண்டுச் சுவர். படுக்கை அரிசிச் சாக்கின் மேல். மாஸ்டர் நாலு மணிக்குக் காலால் சாக்கைத் தட்டி எழுப்புவார். முதல் வேலை பால் காய்ச்சுவது, டிகாக்‌ஷன் இறக்குவது. காலை விரிவுரை கேட்க வருகிறவர்களுக்கு எட்டு மணிக்குள் பொங்கலும் வடையும் தயாராக வேண்டும். பதினொன்றுக்கு இலைச் சாப்பாடு தொடங்கும். மூன்று மணிக்குக் கடைசிப் பந்தி எழுந்திருக்கும்போதே அந்தப் பக்கம் கீரை வடைக்கு உளுந்து அரைபட்டுக்கொண்டிருக்கும். மூன்றரைக்கு டிபன். இரவு பத்தேகால், பத்தரைக்குக் கடைசித் தோசை. பிறகு கழுவித் துடைத்து, மறுநாளுக்குக் காய் பிரித்து வைத்துப் படுக்கும்போது மணி பன்னிரண்டு.

கச்சேரி கேட்டேனா? கேட்டேன், சுவர் வழியாக. வயலினும் குரலும் அடுப்புச் சத்தத்தில் அடிபட்டுப் போய்விடும். மிருதங்கம் மட்டும் சுவரைத் தாண்டி வரும். காபி மாஸ்டருக்கு சங்கீதம் தெரியாது, ஆனால் தனி ஆவர்த்தனம், அதாவது பாட்டை நிறுத்திவிட்டு மிருதங்கமும் கடமும் மட்டும் வாசிக்கிற கட்டம், தொடங்கியதும் அவருக்குத் தெரிந்துவிடும். கையை உயர்த்தி, "டேய், தனி ஆரம்பிச்சாச்சு, பாலை ஏத்து" என்பார். இரண்டு நிமிடத்தில் கதவு திறக்கும், ஐம்பது பேர் கவுன்ட்டரில் நிற்பார்கள். உள்ளே மிருதங்க வித்வானும் கடம் வாசிப்பவரும் உயிரைக் கொடுத்து வாசித்துக்கொண்டிருக்க, பாதிக் கூட்டம் எங்களிடம் டோக்கனை நீட்டிக்கொண்டிருக்கும். இன்றைக்கும் எந்தக் கச்சேரியில் தனி தொடங்கினாலும் என் மூக்கில் காய்ந்த பால் வாசனை வருகிறது. நான் எழுந்து போவதில்லை. தனி முடியும்வரை உட்கார்ந்திருப்பேன்.

பரிமாறுவது யாரும் வந்து செய்துவிடக்கூடிய வேலை என்று அந்தச் செய்தியை எழுதியவர் நினைக்கிறார். முதல் மூன்று நாள் எனக்கு இலை போட மட்டும்தான் அனுமதி. நுனி சாப்பிடுகிறவரின் இடப்பக்கம் வர வேண்டும், கிழிசல் இலை தனியே போக வேண்டும். நாலாம் நாள் கறி, கூட்டு. சாம்பார் வாளி ஏழாம் நாள்தான் கைக்கு வந்தது. ரசத்தை மாஸ்டர் கடைசிவரை என்னிடம் தரவில்லை. ரசம் பரிமாறத் தனிக் கை வேண்டும். தெளிவு கேட்பவருக்குக் கரண்டி மேலோடு போக வேண்டும், மண்டி கேட்பவருக்கு அடிவரை போய்க் கலக்காமல் வர வேண்டும். சாதத்தில் அவர் பறித்த குழியைத் தாண்டி ஒரு சொட்டு ஓடக்கூடாது. எங்களோடு ஒரு பெரியவர் இருந்தார், மாயவரத்துக்காரர், அறுபது வயதுக்கு மேல். ஒரு பந்தியில் நாற்பது இலை. அத்தனை இலையிலும் யாருக்கு மோர் வேண்டாம், யார் இன்னொரு தரம் அப்பளம் கேட்பார் என்று முகத்தைப் பார்த்தே சொல்வார். அவர் கற்றுவந்தது வித்தை. அந்த இடத்தில் சான்றிதழுக்கு வந்த பையனை நிறுத்துவது அந்தப் பெரியவரின் சோற்றில் கை வைப்பது. அவருக்குக் கொடுக்க வேண்டிய கூலியை மிச்சப்படுத்தத்தானே இலவசமாக ஆள் தேடுகிறார்கள்?

இதில் ஆபத்தும் இருக்கிறது. கொதிக்கிற சாம்பார் நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு, தண்ணீர் சிந்திய தரையில், இரண்டு பெஞ்சுகளுக்கு நடுவே ஓட வேண்டும். பத்தாம் நாள் நான் வழுக்கினேன். இடது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்துபோனது. யாரோ இட்லி மாவைப் பூசினார்கள், அது தப்பு என்று பின்னால்தான் தெரிந்தது. பச்சைத் தண்ணீரைத்தான் விடாமல் ஊற்றியிருக்க வேண்டும். முதலுதவிப் பெட்டி கிடையாது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. உணவைக் கையாள்பவர்களுக்கு வருடம் ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. நான்கு நாளுக்கு வந்து போகிற தன்னார்வலருக்கு யார் பரிசோதனை செய்வார்கள்? அவர் கையில் சாம்பார் கொட்டினால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது? அந்தச் செய்தியில் இதற்கெல்லாம் ஒரு வரி கிடையாது.

அந்த இருபது நாளில் நான் மறக்காதவர் பாத்திரம் தேய்த்த அக்கா. வடசென்னையிலிருந்து விடியற்காலை முதல் பஸ்ஸில் வருவார். அந்த வருடத்தோடு எட்டு சீசன் அதே இடத்தில் பார்த்ததாகச் சொன்னார். தேங்காய் நாரும் சாம்பலுமாக அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்ப்பார். பகல் முழுக்க ஈரத்தில் நின்று கால்விரல் இடுக்கெல்லாம் வெளுத்துப் புண்ணாகியிருக்கும், இரவில் மஞ்சளும் எண்ணெயும் குழைத்துத் தடவிக்கொள்வார். ஒரு சாயங்காலம் என்னிடம் கேட்டார், "தம்பி, உள்ள பாடுறாங்களே, எப்படிப் பாடுவாங்க? உக்காந்துக்கிட்டா, கோயில்ல மாதிரி நின்னுக்கிட்டா?"

எட்டு சீசன். மேடை எப்படி இருக்கும் என்று அவர் பார்த்ததில்லை.

மறுநாள் மத்தியானம் இலவசக் கச்சேரி, கூட்டமே இல்லை. பந்தி கொஞ்சம் ஓய்ந்ததும், "வாங்கக்கா, பத்து நிமிஷம் பார்த்துட்டு வந்துடலாம்" என்று கூட்டிப் போனேன். அக்கா முகம் கழுவி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார். கதவருகே நின்றவர் எங்கள் ஈரக் காலைப் பார்த்தார். "கேன்டீன் ஆளுங்க இந்தப் பக்கம் வரக் கூடாது" என்றார். உரக்கக்கூடச் சொல்லவில்லை. கதவு இடுக்கில் பத்துப் பன்னிரண்டு தலை தெரிந்தது, மீதி எல்லாம் காலி நாற்காலி. அக்கா, "பரவால்ல தம்பி, அண்டா கிடக்கு" என்று திரும்பிவிட்டார்.

கடைசி நாள் கணக்கு முடித்தார்கள். இருபது நாளுக்குப் பதினைந்து நாள் சம்பளம் தந்தார் காண்டிராக்டர். முதல் மூன்று நாள் "பயிற்சி"யாம், கை வெந்து சரியாக வேலை செய்யாத இரண்டு நாள் "லீவு"வாம். "சங்கீதத்துக்குச் செய்யற சேவைன்னு நெனச்சுக்கோப்பா" என்றார். சேவை என்ற சொல்லை இந்த அர்த்தத்தில் நான் முதன்முதலாகக் கேட்டது அன்றைக்குத்தான். நேற்று வாட்ஸ்அப்பில் அதே சொல்லைப் பார்த்ததும் நெஞ்சு எரிந்தது.

தன்னார்வத் தொண்டையே நான் வெறுக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். என் பன்னிரண்டு வயதிலிருந்து திருவையாறு தியாகராஜர் ஆராதனைக்குப் போய் வேலை செய்திருக்கிறேன். கர்நாடக இசைக்குக் கீர்த்தனைகள் தந்த தியாகராஜர், தெருவில் பாடிக்கொண்டே அரிசி யாசிக்கிற உஞ்சவிருத்தி எடுத்து வாழ்ந்தவர். அதை நினைத்துத்தான் அவர் மறைந்த திதியான புஷ்ய பகுள பஞ்சமியன்று காலையில், திருமஞ்சன வீதியில் அவர் வாழ்ந்த வீட்டிலிருந்து உஞ்சவிருத்தி பாடிக்கொண்டு காவிரிக் கரைக்குப் போகிறார்கள். பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் தன் சொத்தைப் போட்டு எழுப்பிய தியாகராஜர் சமாதிக் கோயில் அங்கே இருக்கிறது. நாங்கள் ஊர்ப் பையன்கள் ஒரு திண்ணையில் உட்கார்ந்து பூசணிக்காய் நறுக்குவோம், வருகிறவர்களுக்கு இலை போடுவோம். யாரும் காசு கேட்கவில்லை, யாருக்கும் காசு கொடுக்கவும் இல்லை. அரிசி கொடுத்த மிராசுதாரும் எங்களோடு உட்கார்ந்து அதே சாம்பார் சாதம்தான் சாப்பிட்டார். எல்லா வித்வான்களும் சேர்ந்து பாடுகிற தியாகராஜரின் பஞ்சரத்ன கீர்த்தனை தொடங்கியதும் அரிவாள்மணையைச் சாய்த்து வைத்துவிட்டு எல்லாரும் பந்தலுக்கு ஓடினோம். அதைச் சேவை என்று சொல்லுங்கள், காலில் விழுகிறேன். இலைக்கு இவ்வளவு, காபிக்கு இவ்வளவு என்று டோக்கன் கிழிக்கிற இடத்தில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. காசு வாங்கி விற்கிற சாப்பாட்டைச் சுமக்கிறவனுக்குக் கூலி உண்டு. இவ்வளவுதான் என் கட்சி.

வெளிநாட்டு இசை விழாக்களில் தன்னார்வலர்கள் இல்லையா என்று நண்பர் ஒருவர் கேட்டார். இருக்கிறார்கள். இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவில் ஆக்ஸ்ஃபாம் வழியாக வருகிறவர்கள் மூன்று ஷிப்ட் வேலை செய்கிறார்கள். அதற்கு விழா தரும் பணம் அந்தத் தொண்டு நிறுவனத்துக்குப் போகிறது. மற்ற நேரமெல்லாம் அவர்கள் சுதந்திரமாகக் கச்சேரி கேட்கலாம். ஒர்க்கர்ஸ் பீர் கம்பெனி என்றே ஒன்று இருக்கிறது. அவர்களுடைய பாரில் நிற்கிற தன்னார்வலர்களின் உழைப்புக்கான கூலி அவரவர் தொழிற்சங்கத்துக்கோ இயக்கத்துக்கோ போய்ச் சேர்கிறது. வேலைக்கு ஒரு விலை உண்டு என்பதை அங்கே யாரும் மறைக்கவில்லை. இலவசமாக வந்தவனுக்குப் பாட்டாவது கிடைக்கிறது. நம் கேன்டீன் பையனுக்குக் கூலியும் இல்லை, பாட்டும் இல்லை.

சபாக்கள் நஷ்டத்தில் ஓடுகின்றன, காண்டிராக்டருக்கும் வாடகை கட்டுப்படியாகவில்லை என்பார்கள். இருக்கலாம். காய் விலை, எண்ணெய் விலை எனக்கும் தெரியும். ஆனால் காய்க்காரர் சேவையாகக் காய் தருவதில்லை. கேஸ் கம்பெனி சான்றிதழ் வாங்கிக்கொண்டு சிலிண்டர் தருவதில்லை. குறைக்கலாம் என்று தோன்றுவது ஆள் கூலி மட்டும்தான். மேடையிலும் இதே கதைதான். இளம் பாடகர்களுக்குச் சன்மானம் சொற்பம், சில இடங்களில் அதுவும் இல்லை என்பது பல வருடமாக வெளிப்படையாகப் பேசப்படுகிற விஷயம். "மேடை கிடைச்சதே பெரிசு" என்று அவர்களிடம் சொல்கிறார்கள், "சபாவுக்குள்ள வந்ததே பெரிசு" என்று எங்களிடம் சொன்னார்கள்.

1927 டிசம்பரில் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டோடு ஓர் இசை மாநாடு நடந்தது. அதிலிருந்து பிறந்து 1928-ல் தொடங்கியது மியூசிக் அகாடமி. அன்றிலிருந்து எந்த வருடம் யார் பாடினார், யாருக்கு அதன் சங்கீத கலாநிதி விருது என்றெல்லாம் பதிவு இருக்கிறது. 2017-ல் யுனெஸ்கோ இசைக்கான படைப்பாக்க நகரங்களின் பட்டியலில் சென்னையைச் சேர்த்தது. சமையலிலும் மவுண்ட்பேட்டன் மணி ஐயர், அறுசுவை நடராஜன் என்று சில பெயர்களை ஊர் மரியாதையோடு சொல்கிறது. அந்த மரியாதை சரியானது, அவர்கள் கை அப்படிப்பட்டது. ஆனால் ஒரு பெரிய கைக்குப் பின்னால் முப்பது கை இருக்கிறது. 2020-ல் கொரோனாவால் சீசன் இணையத்துக்குப் போனபோது, கேன்டீன் காபி இல்லாத மார்கழி மார்கழியா என்று இதே முகநூலில் எத்தனை பேர் உருகினார்கள்! அந்தக் காபியைப் போட்டவர் அந்த மாதம் என்ன சாப்பிட்டார் என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நானும் கேட்கவில்லை. மாயவரத்துப் பெரியவரின் நம்பர் என்னிடம் இருந்தது. கூப்பிட்டிருக்கலாம்.

உணவகத் தொழிலாளர்களுக்கென்று 1958-லேயே தனிச் சட்டம் போட்ட மாநிலம் இது. 2021-ல், கடைகளில் நின்றுகொண்டே வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்திய மாநிலம் இது. இருபது நாள் சீசன் என்பதால் அந்த மனசு சபா வாசலோடு நின்றுவிட வேண்டுமா? கூலி இவ்வளவு, நேரம் இவ்வளவு என்று முதல் நாளே எழுதிக் கொடுங்கள். கொட்டகையில் நான்கு பெஞ்சு போடுங்கள், ஒரு முதலுதவிப் பெட்டி வையுங்கள். மத்தியானக் கச்சேரிகளில் அரங்கு காலியாகத்தான் கிடக்கிறது. முறை வைத்து அரைமணி நேரம் அவர்களை உள்ளே விடுங்கள், ஈரக் காலோடு விடுங்கள். தரையைத் துடைத்துக்கொள்ளலாம்.

தோழியின் அக்கா பையனுக்குச் சமையல் கற்க ஆசை என்றால், கூலி தருகிற நல்ல மாஸ்டர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும், சேர்த்துவிடுகிறேன். கச்சேரி கேட்க ஆசை என்றால் என்னோடு வரட்டும்.

அந்த நம்பருக்கு நேற்றே எழுதிக் கேட்டேன். "ஒரு நாளைக்குச் சம்பளம் எவ்வளவு? எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை? கையில் சுட்டுக்கொண்டால் யார் பொறுப்பு?" நீல டிக் விழுந்துவிட்டது. பதில் வந்தால் கமெண்டில் போடுகிறேன்.